இரண்டு சட்டங்கள்

நான் குடியிருக்கும் வீட்டின் முன்பக்கச் சாளரங்கள் முழுக்க என்னுடையவை அல்ல. வீட்டுக்கடன் என் பெயரில் இருக்கிறது. அந்தச் சாளரங்களின் வழியே வெளியேறும் வெப்பத்துக்கான கட்டணச் சீட்டும் என் பெயருக்குத்தான் வருகிறது. ஆனால் தெருவிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்கு அவை எப்படித் தெரிய வேண்டும் என்பதை நான் மட்டும் முடிவு செய்துவிட முடியாது. தென் லண்டனில் உள்ள எங்கள் தெரு, மரபுப் பாதுகாப்புப் பகுதிக்குள் வருகிறது. 1890களில் கட்டப்பட்ட செங்கல் வீடுகள், ஒன்றோடொன்று தோள் உரசியபடி இரு வரிசையாக நிற்கின்றன. எல்லா வீட்டுக்கும் ஒரே அளவில், ஒரே தாளத்தில் உயரமான சாளரங்கள். அந்தத் தாளம் கெடக்கூடாது என்பதுதான் சட்டத்தின் அக்கறை.

தமிழில் 'சட்டம்' என்ற சொல் விதியையும் குறிக்கும், மரச்சட்டத்தையும் குறிக்கும். இரண்டுமே ஒன்றை அதன் வடிவத்துக்குள் நிறுத்தி வைப்பவை என்பதால் இந்தப் பொருத்தம் அமைந்தது போலும். என் வீட்டுச் சாளரத்தைப் பொறுத்தவரை இரண்டும் பிரிக்க முடியாதபடி பிணைந்து கிடக்கின்றன.

இங்கிலாந்தில் மரபுப் பாதுகாப்புப் பகுதி என்ற ஏற்பாடு 1967ஆம் ஆண்டின் சட்டம் ஒன்றால் வந்தது. அதை நாடாளுமன்றத்தில் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்தவர் டங்கன் சாண்டிஸ். அதுவரை சட்டம் தனித்தனிக் கட்டடங்களை மட்டுமே காத்தது. பெரிய மாளிகையைக் காப்பாற்றிவிட்டு, அதைச் சுற்றியிருந்த எளிய வீடுகளை இடிக்கவிட்டால் எஞ்சுவது நகரமல்ல, அருங்காட்சியகப் பொருள் என்ற உணர்வு போருக்குப் பிந்தைய இடிப்புகளைக் கண்டவர்களுக்கு ஏற்பட்டிருந்தது. லிங்கன்ஷயரில் உள்ள ஸ்டாம்ஃபோர்ட் என்ற சிறுநகரம் அதே ஆண்டு முதல் பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. இன்று இங்கிலாந்தில் மட்டும் ஏறத்தாழ 10,000 பகுதிகள் இருக்கின்றன. இவற்றில் பெரும்பாலானவை அரண்மனைகளோ தேவாலயங்களோ அல்ல. எங்களைப் போன்றவர்கள் துணி உலர்த்திக்கொண்டும் சமைத்துக்கொண்டும் வாழும் சாதாரணத் தெருக்கள்.

பாதுகாப்புப் பகுதி என்றாலே எதையும் தொடக்கூடாது என்று பொருளில்லை. பல இடங்களில், தோற்றம் ஒத்திருக்குமானால் தனி வீட்டுக்காரர் அனுமதி கேட்காமலே சாளரத்தை மாற்றிக்கொள்ளலாம். ஆனால் 'நான்காம் பிரிவு ஆணை' என்ற ஒன்றை உள்ளாட்சி மன்றம் பிறப்பித்திருந்தால் அந்த உரிமை போய்விடும். எங்கள் தெருவுக்கு அந்த ஆணை உண்டு. பழுதுபார்ப்பதற்குத் தடையில்லை, மாற்றுவதற்குத்தான் அனுமதி வேண்டும். இந்த வேறுபாட்டைப் பின்னால் பார்ப்போம், ஏனென்றால் விஷயமே அதில்தான் இருக்கிறது.

ஒரு பனிக்காலத்தில் ஊரிலிருந்து வந்து எங்களோடு தங்கியிருந்த அம்மாவுக்கு இதெல்லாம் வேடிக்கையாக இருந்தது. கம்பளிக்குள்ளிருந்து முகத்தை மட்டும் வெளியே நீட்டி, "ஏண்டா, நம்ம வீட்டு ஜன்னலை நாம மாத்தறதுக்கு இன்னொருத்தன்கிட்ட எதுக்குக் கேக்கணும்? இதென்ன கோயில் கோபுரமா?" என்றாள். கும்பகோணத்துப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவளுக்குச் சாளரம் என்பது திறந்து வைப்பதற்கானது. பழந்தமிழில் அதற்குக் 'காலதர்' என்று ஒரு பெயர் உண்டு. கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. சிலப்பதிகாரத்துப் புகார் நகர மாளிகைகளில் மானின் கண்போன்ற காலதர்கள் இருந்தன. ஆங்கிலத்தின் 'விண்டோ'வும் காற்றிலிருந்து வந்ததுதான். பழைய நார்ஸ் மொழியில் அது 'காற்றின் கண்'. நாம் வழி என்றோம், அவர்கள் கண் என்றார்கள். நாம் இன்று சொல்லும் 'சன்னல்' போர்த்துகீசியரோடு வந்த சொல். எது எப்படியிருந்தாலும், வெப்ப நாட்டில் காற்றை அழைப்பதற்காக இருக்கும் ஒன்று, இந்த நாட்டில் ஆண்டின் பாதி நாட்கள் காற்றைத் தடுப்பதற்காக இருக்க வேண்டியிருக்கிறது. அதை அது சரியாகச் செய்வதில்லை என்பதுதான் அம்மாவின் புகார்.

என் வீட்டில் இருப்பவை மேலும் கீழும் நகரும் 'ஸாஷ்' சாளரங்கள். இரண்டு கண்ணாடிச் சட்டங்கள், ஒன்றன்முன் ஒன்றாக, தனித்தனித் தடங்களில் ஓடுகின்றன. பக்கவாட்டில் உள்ள மரப்பெட்டிக்குள் ஒவ்வொரு சட்டத்துக்கும் இரண்டு வார்ப்பிரும்புக் குண்டுகள் கயிற்றில் தொங்குகின்றன. கயிறு கப்பியின்மேல் ஏறிச் சட்டத்தோடு இணைகிறது. குண்டின் எடையும் சட்டத்தின் எடையும் சமமாக இருப்பதால் ஒரு விரலால் அதை உயர்த்தலாம், எந்த உயரத்திலும் நிறுத்தலாம். நம் ஊர்க் கிணற்று ராட்டினத்தை அறிந்தவருக்கு விளக்க வேண்டியதில்லை.

இந்த வடிவத்தின் ஒவ்வொரு அங்குலத்திலும் விதி என்ற மற்றச் சட்டத்தின் கைவண்ணம் இருக்கிறது. 1666இல் லண்டன் தீக்கிரையான நினைவு நீங்காதிருந்த காலத்தில், 1709ஆம் ஆண்டின் விதி ஒன்று சாளரத்தின் மரத்தைச் சுவரின் முகப்பிலிருந்து நான்கு அங்குலம் உள்ளே தள்ளச் சொன்னது. நெருப்பு ஒரு வீட்டு மரத்திலிருந்து அடுத்த வீட்டு மரத்துக்குத் தாவக்கூடாது என்பதே நோக்கம். 1774இல் வந்த சட்டம் குண்டுகள் தொங்கும் பெட்டியையும் செங்கல்லுக்குப் பின்னால் மறைக்கச் செய்தது. 1696 முதல் 1851 வரை சாளரங்களை எண்ணி வரி வசூலித்தார்கள். வரிக்குப் பயந்து செங்கல் வைத்து அடைக்கப்பட்ட சாளரங்களை இன்றும் பழைய தெருக்களில் காணலாம். கண்ணாடிக்கும் எடைக்கேற்ப வரி இருந்தது. 1845இல் அது நீங்கியபின் பெரிய கண்ணாடிகள் மலிந்தன. குறுக்குச் சட்டங்கள் குறைந்தன. கனம் கூடிய கண்ணாடியைத் தாங்குவதற்காக மேல்சட்டத்தின் அடிமூலைகளில் சிறு கொம்புகள் முளைத்தன. என் வீட்டுச் சாளரங்களில் இருப்பவை அந்தக் கொம்புகள்தாம். ஆக, நாம் இன்று மாறாத மரபு என்று காப்பது, தீயும் வரியும் தொழில்நுட்பமும் மாறி மாறி வற்புறுத்தி உருவாக்கிய ஒன்று. காலத்தின் தேவைக்கேற்ப மாறியதாலேயே அது இவ்வளவு காலம் இருந்திருக்கிறது.

இப்போது குளிருக்கு வருகிறேன். 2021 அக்டோபரில், ஒரு சராசரிக் குடும்பத்தின் எரிவாயு, மின்சாரச் செலவுக்கான அரசு வரம்பு ஆண்டுக்கு 1,277 பவுண்டாக இருந்தது. 2022 ஏப்ரலில் 1,971 பவுண்டு. அந்த அக்டோபரில் அரசு தலையிட்டுத் தாங்கிப் பிடித்தும் அது 2,500 பவுண்டில் நின்றது. அந்தக் குளிர்காலத்தில் எங்கள் தெருவில் பேச்சு முழுவதும் இதைப் பற்றித்தான். பலர் முன்னறையைப் பூட்டினார்கள். எனக்கு இரண்டு வீடுகள் தள்ளி, எண்பதைக் கடந்த மூதாட்டி ஒருவர் தனியாக வசிக்கிறார். கணவரோடு அந்த வீட்டுக்குக் குடிவந்தபோது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. அந்த ஆண்டு நவம்பர் முதல் மார்ச் வரை அவர் பின்கட்டுச் சமையலறையிலேயே வாழ்ந்தார். முன்னறைச் சாளரங்களின் இடுக்குகளில் செய்தித்தாளை மடித்துச் செருகியிருந்தார். காலையில் கண்ணாடியின் உட்புறம் வழியும் நீரைத் துண்டால் ஒற்றி, வாளியில் பிழிவார்.

எங்கள் தெருவைப் புகைப்படம் எடுக்க ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்கள் வருவதுண்டு. தெருவிலேயே பழுதுபடாத முழு அமைப்போடு இருப்பது மூதாட்டியின் வீட்டுச் சாளரம்தான். அவர்கள் ரசித்துப் படம் எடுக்கும் அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் உள்ள அறையில், குளிர் காரணமாக எவரும் உட்காருவதில்லை. சாளரத்தின் அழகு தெரு முழுவதற்கும் உரியது. அதன் குளிர் மட்டும் ஒருவருக்கு உரியது. பாதுகாப்புச் சட்டத்தைப் பற்றி எனக்குள்ள நியாயமான மனக்குறை இதுதான்.

மன்றத்தைத் திட்டிவிட்டுப் பிளாஸ்டிக் சாளரத்தைப் பொருத்துவதே இதற்குத் தீர்வு என்று வாசலில் வந்து நின்ற விற்பனையாளர் சொன்னார். வெப்பம் வெளியேறும் வேகத்தை 'யு மதிப்பு' என்ற எண்ணால் குறிக்கிறார்கள். எண் சிறிதாக இருந்தால் இழப்புக் குறைவு. ஒற்றைக் கண்ணாடிச் சாளரத்துக்கு அது ஏறத்தாழ 5. புதிதாகப் பொருத்தும் சாளரத்துக்கு 2022 ஜூன் முதல் இங்கிலாந்தில் கேட்கப்படுவது 1.4. இந்த இரண்டு எண்களையும் அருகருகே எழுதிக் காட்டினால் பேச்சே முடிந்துவிட்டது என்று தோன்றும். விற்பனையாளரின் தாளில் அப்படித்தான் எழுதியிருந்தது.

ஆனால் குளிர் இரண்டு வழிகளில் வருகிறது. ஒன்று, கண்ணாடியின் ஊடாக வெப்பம் கடந்து போவது. மற்றது, சட்டத்துக்கும் தடத்துக்கும் இடையிலுள்ள இடுக்குகளில் காற்று புகுவது. யு மதிப்பு முதலாவதைத்தான் அளக்கிறது. அம்மாவின் கழுத்தில் பட்டது இரண்டாவது. ஒரு மாலையில் ஊதுபத்தி ஒன்றை ஏற்றிச் சாளரத்தின் விளிம்பு நெடுகக் கொண்டுபோனேன். கண்ணாடியின் நடுவில் புகை நேராக எழுந்தது. இரண்டு சட்டங்கள் சந்திக்கும் நடுக்கம்பியின் அருகே அது அறைக்குள் மடிந்து விழுந்தது. கப்பியின் துளையருகே சுழன்றது. எது எங்கே நடக்கிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான வரைபடம் தேவையில்லை.

இதை முறையாகவே அளந்திருக்கிறார்கள். இங்கிலாந்தின் மரபுக் கட்டடங்களுக்கான அமைப்புக்காக கிளாஸ்கோ கலிடோனியன் பல்கலைக்கழகம், பழைய மரச் சாளரம் ஒன்றை ஆய்வுக்கூடத்தில் வைத்துச் சோதித்தது. முடிவுகள் 2009இல் வெளிவந்தன. நல்ல நிலையில் உள்ள ஸாஷ் சாளரத்தின் இடுக்குகளை அடைத்தால் காற்றுக் கசிவை 86 சதவீதம்வரை குறைக்கலாம். கண்ணாடி வழியான இழப்பைக் கனத்த திரைச்சீலை ஏறத்தாழ 40 சதவீதம் குறைக்கிறது. உட்புற மரக்கதவை மூடினால் பாதிக்கு மேல் குறைகிறது. வெப்பத்தைத் திருப்பி அனுப்பும் மென்பூச்சுள்ள இரண்டாம் கண்ணாடியை உட்புறத்தில் பொருத்தினால் 60 சதவீதத்தைத் தாண்டுகிறது. இவை ஒன்றையொன்று விலக்குபவை அல்ல, பகலில் ஒன்று, இரவில் இரண்டு என்று சேர்த்துக்கொள்ளலாம். சாளரத்தைக் கழற்றி எறியாமலே இவ்வளவும் கிடைக்கிறது. பாதுகாப்புப் பகுதியின் கட்டுப்பாடு வெளித்தோற்றத்துக்கு மட்டுமே. தனியாகப் பட்டியலிடப்பட்ட கட்டடமாக இருந்தாலொழிய, உள்ளே இரண்டாம் கண்ணாடி வைப்பதை எவரும் கேட்க முடியாது.

நான் அழைத்த தச்சர் அறுபதை நெருங்கும் மனிதர், அதிகம் பேசாதவர். வந்தவுடன் சட்டைப் பையிலிருந்து சிறு திருப்புளியை எடுத்து அடிச்சட்டத்தில் அங்கங்கே குத்திப் பார்த்தார். ஓரிடத்தில் மட்டும் அது மெத்தென்று உள்ளே இறங்கியது. மற்ற இடங்களில் கல்லில் குத்தியதுபோல நின்றது. "மூன்று அங்குலம் உளுத்திருக்கிறது. மூன்று அங்குலத்துக்காகவா முழுச் சாளரத்தையும் மாற்றச் சொன்னார்கள்?" என்றார். பால்டிக் பகுதியிலிருந்து கப்பலில் வந்த பைன் மரம் அது என்றும், குளிர்நாட்டில் மெல்ல வளர்ந்ததால் வளையங்கள் நெருக்கமாக இருக்கின்றன என்றும் காட்டினார். இன்று வேகமாக வளர்த்து வெட்டும் மரத்தில் அந்த நெருக்கம் இருப்பதில்லை. உளுத்த பகுதியை உளியால் எடுத்துப் புதிய துண்டை ஒட்டுப் போட்டார். காய்ந்த பட்டியைச் சுரண்டிப் புதிதாகப் பூசினார். அறுந்திருந்த கயிறுகளை மாற்றினார். தடத்தின் நடுவே ஓடும் மெல்லிய மரப்பட்டைக்குப் பதிலாக, தூரிகை மயிர் பதித்த பட்டையை இறக்கினார். இரண்டாம் நாள் மாலையில் அதே ஊதுபத்தியைக் கொண்டுபோனபோது நடுக்கம்பியருகே புகை நேராக எழுந்தது. லாரி போகும்போதெல்லாம் தடதடத்த கண்ணாடி அமைதியாகிவிட்டது. அந்த மௌனத்துக்குப் பழகவே எங்களுக்குச் சில நாட்கள் ஆயின.

பழுதுபார்ப்பதற்குத் தடையில்லை, மாற்றுவதற்குத்தான் அனுமதி என்று முன்பு சொன்னேன். அந்த விதிக்குள் இருக்கும் விவேகம் இதுதான். நூற்றிருபது ஆண்டுகளைக் கடந்த மரச் சாளரத்தை அங்குலம் அங்குலமாகச் சரிசெய்யலாம். அடைத்து முத்திரையிட்ட இரட்டைக் கண்ணாடியின் விளிம்பு விட்டுப்போய் உள்ளே ஈரம் படிந்தால், அந்தக் கண்ணாடித் தொகுதியையே மாற்ற வேண்டும். பிளாஸ்டிக் சட்டம் முறுகினால் இழைப்புளிக்கு அங்கே வேலையில்லை. எறிந்த சாளரத்துக்காகவும் புதிய சாளரத்துக்காகவும் செலவான எரிபொருளையும் கணக்கில் சேர்க்க வேண்டும். சூழலின் பெயரால் செய்யும் மாற்றம் சூழலுக்கே கடனாகிவிடக்கூடாது.

ஆனால் இதையே காரணமாக்கிப் பழமையைப் பூசிக்கவும் எனக்கு மனமில்லை. எல்லாச் சாளரமும் ஒட்டுப் போடக்கூடிய நிலையில் இருப்பதில்லை. இடுக்கை எல்லாம் அடைத்துவிட்டு, மூச்சுவிட வழி வைக்காவிட்டால் சுவரில் பூஞ்சை படரும். இந்த வீடுகளில் வெப்பம் அதிகமாகப் போவது சாளரத்தின் வழியும் அல்ல. காப்பிடாத வீட்டில் ஏறத்தாழ கால்பங்கு கூரை வழியாகவும் மூன்றில் ஒரு பங்கு சுவர் வழியாகவும் போகிறது. பரணில் கம்பளி விரிப்பதைத் தெருவிலிருந்து எவரும் பார்க்கப்போவதில்லை. முதலில் செய்ய வேண்டியது அது. தொழில்நுட்பமும் நின்றுவிடவில்லை. இரண்டு கண்ணாடிகளுக்கிடையே வெற்றிடத்தை அடைத்து, ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் தடிப்பில் செய்யப்படும் கண்ணாடியை ஜப்பானின் நிப்பான் ஷீட் கிளாஸ் 1997இல் சந்தைக்குக் கொண்டுவந்தது. பழைய மரச்சட்டத்திலேயே அதைப் பொருத்த முடியும். கனம் கூடுவதால் பெட்டிக்குள் குண்டின் எடையை மட்டும் கூட்ட வேண்டியிருக்கும். கொம்பு முளைத்த சாளரம் இதையும் தாங்கிக்கொள்ளும்.

அரசின் மனமும் மெல்ல அசைந்திருக்கிறது. 2023 டிசம்பரில், ஏற்கெனவே உள்ள கட்டடங்களின் வெப்பத்திறனை உயர்த்தும் முயற்சிகளுக்கு உள்ளாட்சி மன்றங்கள் கணிசமான முக்கியத்துவம் தர வேண்டும் என்ற வரி தேசியத் திட்டமிடல் கொள்கையில் சேர்ந்தது. ஆனால் வரி என்ற சொல்லுக்கும் தமிழில் இரண்டு பொருள் உண்டல்லவா? மற்ற வரி வேறொன்றைச் சொல்கிறது. இந்த நாட்டில் புதிதாக வீடு கட்டினால் மதிப்புக்கூட்டு வரி பூச்சியம். பழைய வீட்டைப் பழுதுபார்த்தால் பொதுவாக 20 சதவீதம். இடுக்கடைக்கும் பட்டைகளுக்கும் காப்புப் பொருட்களுக்கும் 2022 ஏப்ரல் முதல் 2027 மார்ச் வரை விலக்கு அளித்திருக்கிறார்கள், நல்லது. ஆனால் உளுத்த மூன்று அங்குலத்துக்குத் தச்சர் போட்ட ஒட்டு அந்த விலக்கில் வராது. ஒரு துறை காப்பாற்று என்கிறது, இன்னொரு துறை காப்பாற்றுபவனிடம் கட்டணம் கேட்கிறது.

இந்த முரண்பாட்டின் விலையை எல்லோரும் ஒரேபோலக் கொடுப்பதில்லை. என்னால் தச்சரை அழைக்க முடிந்தது. மூதாட்டி விலை கேட்டார், ஓய்வூதியத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார், தான் பகலில் அமரும் சமையலறையின் ஒற்றைச் சாளரத்தை மட்டும் சரிசெய்துகொண்டார். அங்கே இப்போது செய்தித்தாள் செருகப்படுவதில்லை. தெருவைப் பார்த்த பெரிய சாளரங்கள் அப்படியே இருக்கின்றன. எவரும் காணாத சாளரம் பழுதுநீங்கியது. எல்லோரும் காண்பது காத்திருக்கிறது.

பாதுகாப்புச் சட்டம் வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். அது இல்லாவிட்டால் எங்கள் தெரு எப்போதோ தன் முகத்தை இழந்திருக்கும். மன்றத்தின் ஆணைதான் என்னைத் தச்சரிடம் அனுப்பியது என்பதும் உண்மை. ஆனால் ஒரு முகப்பைப் பொதுச்சொத்து என்று அறிவிக்கும் சமூகம், அதைத் தாங்கி நிற்பவரின் செலவில் ஒரு பங்கையும் பொதுவாக்கிக்கொள்ள வேண்டும். வரியை நீக்கலாம், முதியவர்களுக்குப் பழுதுபார்ப்பு மானியம் தரலாம், தச்சுவேலை கற்கும் இளைஞர்களுக்குக் கைகொடுக்கலாம். 1709இன் சட்டம் நெருப்பிலிருந்து அண்டைவீட்டாரைக் காப்பதற்காகச் சாளரத்தை நான்கு அங்குலம் நகர்த்தியது. நம் காலத்துச் சட்டம், குளிரிலிருந்து உள்ளே இருப்பவரைக் காப்பதற்காகத் தன்னைச் சற்று நகர்த்திக்கொள்வதில் மரபுக்கு எந்தக் குறையும் வந்துவிடாது.